மைக் கடிக்குது, மேடம்

அந்த மாணவி மைக்கைத் தொட்டதும் கையை உதறினாள்.

"மேடம், மைக் கடிக்குது" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பக்கத்தில் நின்ற பசங்களும் சிரித்தார்கள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. இரும்புச் சட்டத்தின் மேல் பலகை அடித்துப் போட்ட மேடை அது. பலகைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நின்றது. மேடை ஏறும்போது செருப்பைக் கழற்றுவது எங்கள் பிள்ளைகளின் பழக்கம். அவளும் வெறுங்காலோடுதான் நின்றிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எதையும் தொடாதீங்க! எல்லாரும் கீழ இறங்குங்க!" என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். சிரிப்பு நின்றது. இறங்கினார்கள்.

நான் ஈப்போவில் ஒரு கல்லூரியின் நிகழ்கலைத் துறையில் விரிவுரையாளர். நடிப்போ நடனமோ சொல்லித் தருபவள் அல்ல. மேடைக்கு வெளிச்சம் எப்படி வருகிறது, கடைசி வரிசைக்குக் குரல் எப்படிப் போய்ச் சேர்கிறது, இதற்கெல்லாம் ஓடுகிற மின்சாரத்தை எப்படிக் கட்டி மேய்ப்பது, இதுதான் என் பாடம். அதற்கு முன்னால் பல வருடம் கோலாலம்பூரில் ஒரு ஒளிபரப்பு நிலையத்தில் வேலை பார்த்தேன்.

அங்கே சேர்ந்த முதல் நாளே என்னை ஒப்பனை அறைக்கு அனுப்பினார்கள். பெண் என்றால் அங்கேதான் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். நான் லைட்டிங் பிரிவுக்குத்தான் மனுப் போட்டேன் என்று திரும்பி வந்து நின்றேன். "பொம்பளப் புள்ள ஏணியில ஏறினா, கீழ நிக்கிறவன் வேல செய்வானா?" என்று மேற்பார்வையாளர் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏணியில் ஏறினேன். நான் மேலே விளக்கைத் திருகிக்கொண்டிருக்கும்போது கீழே நிற்பவர்கள் விளையாட்டுக்கு ஏணியை ஆட்டுவார்கள். ஒரு நாள் கையிலிருந்த ஸ்பேனரை வேண்டுமென்றே கீழே விட்டேன். ஒருவனுடைய காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு ஏணி ஆடவில்லை.

அங்கே என்னைச் சக ஊழியராக நடத்தியவர் ஒருவர்தான். பாரிட் புந்தார்க்காரர், ஒலிப்பதிவாளர். நான் அவரை அண்ணே என்பேன். ஒரு பொங்கல் நிகழ்ச்சியை வெளியே, ஒரு பள்ளித் திடலில், பதிவு செய்யப் போனோம். முந்தைய நாள் மழையில் புல் ஊறிக் கிடந்தது. அண்ணன் மைக் ஸ்டாண்டைத் தூக்கி இடம் மாற்றப் போனார். பிடித்த கையை எடுக்கவில்லை. அவர் கத்தவில்லை, கத்த அவரால் முடியவில்லை. உடம்பு மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. சுற்றி நின்றவர்கள் ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது உள்ளங்கை வெந்துபோய், விரல்கள் மடங்காமல் நின்றுவிட்டன. விசாரணையில் "ஊழியரின் கவனக்குறைவு" என்று முடித்தார்கள். மின் கசிந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் டிரிப் சுவிட்சை யாரோ கழற்றிவிட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன், அதைச் சொன்னேன். "நீ லைட்டுக்காரி. சவுண்ட பத்தி உன்ன யாரு கேட்டா?" என்றார்கள். அதற்குப் பிறகு என்னை வெளிப்புற நிகழ்ச்சிகளுக்கு அனுப்பவே இல்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் மேலே போனார்கள். கவனக்குறைவு என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். அந்த வேலையை விட்டுவிட்டு ஈப்போவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கினேன். என் வகுப்பில் முதல் பாடம் விளக்கைப் பற்றியது அல்ல. மின்சாரம் மனித உடம்பின் வழியாக மண்ணுக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான்.

மைக் கடித்த அந்த மேடை போடப்பட்டிருந்தது நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில்.

ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகிற சாலையில் உள்ளே திரும்ப வேண்டும். அம்மா அங்கே பால் வெட்டினாள். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள்; பிறகு நிலத்தையே விற்றார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்தபோது அம்மா புந்தோங் பக்கம் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனாள். ஈப்போவுக்கு வந்ததிலிருந்து நானும் அங்கேதான். இப்போது அந்த நிலத்தில் வீடமைப்பு நிறுவனம் ஒன்று மாடி வீடுகள் கட்டுகிறது. தோட்டத்தின் பெயரையே வீடுகளுக்கும் வைத்துவிட்டார்கள், பின்னால் ஓர் ஆங்கிலச் சொல்லை ஒட்டி.

விற்பனை தொடங்குவதற்கு ஒரு விழா, தலைமைக்கு டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர். பழைய தோட்டத்து ஆட்களைக் கௌரவிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த நிறுவனம் எங்கள் துறைக்கு மேடை விளக்குகள் வாங்கிக் கொடுத்திருந்தது. அதற்குப் பதிலாக எங்கள் துறைத் தலைவர் பிள்ளைகளைக் கொடுத்தார். மேடை வேலை முழுவதும் என் மாணவர்கள். நடுவில் தோட்ட வாழ்க்கையைப் பற்றி ஒரு குறுநாடகமும் அவர்கள்தான். கேட்டபோது, "பிள்ளைங்களுக்கு நல்ல அனுபவம்" என்றார். அனுபவத்தோடு ஆளுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறும் கிடைத்தது. ஜெனரேட்டர், ஒலிபெருக்கி எல்லாம் வெளியிலிருந்து ஒரு குத்தகைக்காரர் கொண்டு வந்தார்.

மேடை நின்ற இடம் பழைய பெரட்டுக் களம். விடிவதற்கு முன் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற திடல் அது. இப்போது சிவப்பு மண் கொட்டிச் சமப்படுத்தி, ஓரத்தில் ஒரு மாதிரி வீடு கட்டியிருந்தார்கள். மேடையின் பின்னால் பெரிய பதாகை, அதில் லயத்தின் படம். லயத்தை இடித்தவர்கள் லயத்தின் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்வதற்கு ஏற்பாடு! காலையிலிருந்தே எனக்கு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அம்மாவுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அழைப்பு வந்திருந்தது. பழைய ஆட்களை அழைத்து வரப் பேருந்து விட்டிருந்தார்கள். அம்மா பட்டுச் சேலை கட்டி, முன் வரிசையில் தன் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தாள்.

வோல்ட் மீட்டரை எடுத்து ஒரு முனையை மைக்கிலும் இன்னொரு முனையை மேடையின் இரும்பிலும் வைத்தேன். எண் நூறைத் தாண்டிப் போய் நின்றது. குத்தகைக்காரரைத் தேடிப் போனேன். ஜெனரேட்டர் லோரிக்குப் பக்கத்தில் தேத்தாரே குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எர்த் கம்பி எங்க அடிச்சிருக்கீங்க?"

"எர்த்லாம் வேணாம் மேடம். ஜெனரேட்டர் லோரி மேல நிக்கிதுலா."

"டிரிப் சுவிட்ச்?"

"அது மழையில சும்மா சும்மா விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அதான் கழட்டிட்டு நேரா குடுத்துட்டேன்."

விழுவதுதான் அதன் வேலை. திருடன் வந்ததைப் பார்த்துக் குரைத்த நாயை, சத்தம் போடுகிறது என்று அடித்து விரட்டியிருக்கிறார் மனிதர்.

"மைக்குல கரண்டு வருது அண்ணே. பொண்ணு கைய வச்சிட்டா."

"லேசா கிள்ளும் மேடம். இத்தன வருஷமா செய்றோம், ஒருத்தனுக்கும் ஒன்னும் ஆனதில்லலா."

லோரியில் ஏறி ஜெனரேட்டரை அணைத்தேன். அதுவரை அதன் இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. திடீரென்று திடல் முழுக்க அமைதி. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

துறைத் தலைவர் பாத்தேக் சட்டை வேர்வையில் ஒட்ட ஓடி வந்தார்.

"என்ன பண்றீங்க நீங்க? டத்தோ பாதி வழி வந்துட்டாரு!"

"ஒரு மணி நேரம் குடுங்க சார். எர்த் கம்பி அடிக்கணும், சுவிட்ச திரும்ப மாட்டணும், கசியிற ஆம்ப்ளிஃபையர கழட்டணும். அவ்வளவுதான்."

"ஒரு மணி நேரமா? அதுவரைக்கும் டத்தோவ கார்லயே உக்கார வைக்கவா?"

"வைங்க. பிள்ளைங்க பொணமா போறதுக்கு அது பரவால்ல."

"சும்மா டிராமா பண்ணாதீங்க."

நிகழ்கலைத் துறையின் தலைவர் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னார். அதற்குள் வீடமைப்பு நிறுவனத்தின் மேலாளரும் வந்துவிட்டார். நான் எதிரிலேயே நின்றேன், அவர் என்னைக் கேட்கவில்லை, தலைவரிடம் கேட்டார்: "இந்தம்மா யாரு?" தலைவர், "நம்ம ஸ்டாப்தான் சார், நான் பேசிக்கிறேன்" என்று குழைந்தார். அந்தக் குழைவைப் பார்த்ததும்தான் எனக்கு மீதியிருந்த பொறுமையும் போயிற்று.

மாணவர்களிடம் போனேன். "எல்லாத்தையும் அப்படியே வச்சிட்டு காலேஜ் பஸ்ஸுல ஏறுங்க."

பால் வாளியும் தலை விளக்குமாக வேடம் கட்டி நின்றார்கள். யாரும் நகரவில்லை. மைக் கடித்த அந்தப் பெண்தான் கேட்டாள். "மேடம், இதுக்கு மார்க்கு இருக்கே?"

கரண்டு வாங்கிய கையை இன்னொரு கையால் தடவிக்கொண்டே கேட்டாள். அவளிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. இப்படிக் கேட்க வைத்தவர்கள் மேல்தான் வந்தது.

"மார்க்க நான் பாத்துக்கிறேன். ஏறு."

முன் வரிசையைத் தாண்டித்தான் பேருந்துக்குப் போக வேண்டும். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"எங்க போற பாப்பா? நாடகம்?"

"நாடகம் இல்லம்மா. கரண்டு சரியில்ல. நீயும் வா, போலாம்."

"நான் எதுக்கு வரணும்? இப்பதான் வந்து உக்காந்தேன். நீ போ."

கையை விட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பேருந்து சாலைக்குத் திரும்பும்போது பின்னால் ஜெனரேட்டர் மறுபடி உறுமுவது கேட்டது.

விழா நடந்தது. குத்தகைக்காரரின் ஆட்கள் மேடையைப் பார்த்துக்கொண்டார்கள். டத்தோ பேசினார், ஒரு பாடகி பாடினாள், பிரியாணி போட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் தலைவர் கைப்பேசியில் செய்தி அனுப்பினார்: "பாத்தீங்களா? ஒன்னும் ஆகல." ஒன்றும் ஆகாததை வைத்து நான் சொன்னது பொய் என்று ஆக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தவன் உயிரோடு வந்தால், சாலையில் கார் ஓடவில்லை என்றா அர்த்தம்? யாரிடம் கேட்பது இதை? கல்லூரி முழுக்க நான் கிறுக்கி என்று பேச்சு.

அதைவிட வருத்தியது அம்மா. வீட்டுக்கு வந்தவள் என்னோடு பேசவே இல்லை. சோறு போட்டு மூடி வைப்பாள், கூப்பிட மாட்டாள். கடைசியில் நானே சண்டைக்குப் போனேன்.

"நான் என்ன தப்பு பண்ணேன் இப்ப?"

"எல்லாரும் கேட்டாங்க, உம் மக ஏன் கோவிச்சிக்கிட்டுப் போறானு. நான் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது? நம்மள ஒருத்தன் மதிச்சுக் கூப்பிட்டதே இப்பதான்."

"மதிச்சா? வீட்ட இடிச்சவங்கம்மா அவங்க!"

அம்மா அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். "வீட்ட இடிச்சது எனக்குத் தெரியாதா? அதுக்குள்ள இருந்தது நானு. நீ கோலாலம்பூர்ல ஹாஸ்டல்ல இருந்த. இப்ப வந்து எனக்குச் சொல்ற."

அவளே தொடர்ந்தாள்.

"அந்த மண்ண ஒரு தடவ மிதிக்கணும்னு இருந்துச்சு. மிதிச்சேன். பிரியாணி போட்டான், சாப்பிட்டேன். நான் அவங்கள மன்னிச்சிட்டேன்னு யாரு சொன்னா?"

அவள் முறத்தில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ள ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்து கிள்ளினேன். பாதி முடிந்திருக்கும்.

"ஆமா, அந்தப் பாட்டுக்காரி ஏன் மைக்குல துண்டு சுத்திக்கிட்டுப் பாடுனா?" என்றாள்.

என் கை நின்றது. "என்ன துண்டு?"

"அவ ஏறதுக்கு முன்னாடி அந்த ஜெனரேட்டர்காரன் வந்து மைக்குல ஒரு துண்ட சுத்திக் குடுத்தான்லா. டத்தோ பேசுற எடத்துல கால்மிதி மாதிரி ஒன்ன விரிச்சான். கறுப்பா, ரப்பர். நாங்கூட பக்கத்துல சொன்னேன், ரப்பர் தோட்டத்துல இப்ப ரப்பர் பாயிதான் மிச்சம்னு."

அம்மா சிரித்தாள். காய்ந்த துணியும் ரப்பரும் மின்சாரம் உடம்பில் ஏறாமல் தடுப்பவை. அப்படியென்றால் அவர்களுக்குத் தெரியும். மைக்கில் கரண்டு வருகிறது என்று அந்தக் குத்தகைக்காரருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தலைவரும் மேலாளரும் மேடையை ஒட்டியேதான் நின்றிருப்பார்கள். பாடகிக்குத் துண்டு, டத்தோவுக்குப் பாய். என் பிள்ளைகளுக்கு வெறுங்கால், ஈரப் பலகை, நல்ல அனுபவம்.

மைக்கில் கரண்டு வந்ததையும் துண்டு எதற்கு என்பதையும் சொன்னதும் அம்மா கிள்ளுவதை நிறுத்தினாள். "நெசமாவா? அந்தப் பொண்ணு கைய வச்சப்ப?"

"நெசமாத்தான்மா."

"நாசமா போறவனுங்க" என்றாள். பிறகு என் தட்டில் சோறு போட்டுக் கூப்பிட்டாள்.

பாரிட் புந்தார் அண்ணனுக்கும் போன் செய்தேன். முழுவதையும் கேட்டார். "அன்னைக்கும் நீதான் ப்ளக்க புடுங்குன. இன்னைக்கும் நீதான். வேல போச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப பயப்படாம பேசு" என்றார்.

கல்லூரி நிர்வாகம் என்னைக் கூப்பிட்டது. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் தலைவரும் நிர்வாகத்திலிருந்து வந்தவர்களும். இந்தப் பக்கம் நான். ஆதரவளித்த நிறுவனத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள்.

"ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றேன். "பாடகி மைக்குல ஏன் துண்டு சுத்துனாங்க?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கை வேர்த்திருக்கும்."

"டத்தோ காலுக்குக் கீழ ரப்பர் பாய் ஏன்? கால் வேர்த்துச்சா?"

ஒருவர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அப்ப தெரிஞ்சிருக்கு. பெரியவங்களுக்குப் பாயி போடத் தெரிஞ்சிருக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு ஏன் போடல? அவங்க அம்மா அப்பா நம்மகிட்டதான விட்டுட்டுப் போனாங்க?"

"குரல தாழ்த்திப் பேசுங்க" என்றார் ஒருவர். கேள்விக்குப் பதில் இல்லாதபோது குரலைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நான் தாழ்த்தவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

வேலையை விட்டு நீக்கினால் விஷயம் வெளியே போகும் என்று பயந்திருக்க வேண்டும். நீக்கவில்லை. மேடைத் தொழில்நுட்பப் பாடத்தை என்னிடமிருந்து எடுத்து, ஏணியில் ஏறியே அறியாத ஒருவருக்குக் கொடுத்தார்கள். எனக்கு நாடக வரலாறு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தலைவர் இன்னொன்று செய்தார். நிகழ்ச்சியை நடத்தவில்லை என்று சொல்லி மாணவர்கள் எல்லாருக்கும் அந்தப் பகுதிக்குச் சுழியம் போட்டார்.

என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? நான் சொன்னதைக் கேட்டார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் போட்டேன். நடந்ததை அப்படியே சொன்னேன். லூமுட்டிலிருந்து ஒரு தாய், பத்து காஜாவிலிருந்து ஒரு தகப்பன், ஈப்போவில் இருப்பவர்கள் என்று ஒரு காலைப் பொழுதில் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து தலைவரின் அறை வாசலில் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. மைக் கடித்த பெண்ணின் அம்மா மட்டும் பேசினார். தேவாலயத்துக்குப் போகிறவர் போல வெள்ளையாக உடுத்தி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"சார், எம் மகளுக்கு சுழியம் போட்டீங்களாமே. சரி. அவ செத்திருந்தா எவ்வளவு போட்டிருப்பீங்க?"

தலைவர் உட்காரச் சொன்னார். அந்த அம்மா உட்காரவில்லை. மற்றவர்களும் உட்காரவில்லை. மதியத்துக்குள் மதிப்பெண்கள் திரும்பி வந்தன. வகுப்பில் செய்து காட்டிய ஒத்திகையை வைத்து மதிப்பிட்டோம் என்று காரணம் சொன்னார்கள். சொல்லட்டும்.

என் பாடம் திரும்பி வரவில்லை. அந்தக் குத்தகைக்காரருக்கு ஊரெல்லாம் இன்னும் வேலை கிடைக்கிறது. மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அடுத்த பருவத்தில் வேறொரு நிறுவனத்தின் விழாவுக்கு மறுபடி பிள்ளைகளைக் கேட்டார்கள், தலைவரும் சரி என்றார். போன பிள்ளைகளில் இருவர், எர்த் கம்பியைக் காட்டினால்தான் மேடையில் ஏறுவோம் என்று கீழேயே நின்றார்களாம். அன்றைக்குக் கம்பி அடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நடைபாதையில் தலைவர் என்னை நிறுத்தினார். "இப்ப சந்தோஷமா உங்களுக்கு?"

"இல்ல சார். நம்ம பிள்ளைங்களுக்கு ஏன் பாயி போடலனு நீங்க இன்னும் பதில் சொல்லல" என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கும் வகுப்பு இருந்தது. போய்விட்டேன்.